ஜீவாமிர்தத்துக்கு அளவு பார்க்கிறோம், வயிற்றுக்கு?

போன மார்கழி 15, டிசம்பர் 30. நம்மாழ்வார் ஐயா நினைவு நாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர் சைக்கிளில் கடவூர் வானகத்துக்குக் கிளம்பினோம். கொடுமுடி, கரூர், தரகம்பட்டி வழி. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பாதிப் பேர் இளவட்டங்கள், கியர் வைத்த சைக்கிள். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர், சாதாரண சைக்கிள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

விடியற்காலை மூன்றரை மணிக்கு ஒரு பெரிய சொம்பு கம்பங்கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தேன். வயிறு கம்மென்று ஆகிவிட்டது. "இது போதும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும்"னு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. நம்ம உடம்பு காட்டில் பாடுபட்ட உடம்பு, இதுக்கெல்லாம் என்ன மூட்டை முடிச்சு என்ற எண்ணம்.

கரூரில் மணி ஒன்பது. பையன்கள் டீக்கடையில் பன்னும் டீயும் வாங்கினார்கள். நான் சும்மா இருக்கவில்லை. "மைதாவுல செஞ்ச பன்னைத் தின்னுட்டு இயற்கை விவசாயி நினைவு நாளுக்குப் போறீங்களாடா?"ன்னு ஒரு பிரசங்கம் பண்ணினேன். பாவம், ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

தரகம்பட்டிக்கு முன்னால் பத்தேகால் மணிக்கு எனக்கு எல்லாம் நின்றுபோனது. முதலில் தொடை கல்லாகக் கனத்தது. அப்புறம் நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கை நடுங்கி பிரேக் பிடிக்க முடியவில்லை. ரோட்டோரம் இறங்கி உட்கார்ந்தவனுக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துவிட்டது. பின்னால் வந்த எங்க ஊர்ப் பையன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன், ஓடி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்தான். "பெரியப்பா, பேசாம வாயைத் திறங்க." பிசின் மாதிரி ஏதோ இனிப்பாக உள்ளே போனது. கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அதற்குப் பிறகு உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரும், காலையில் நான் திட்டினேனே அதே பன்னில் ஒன்றும் சாப்பிட்ட பிறகுதான் எழுந்து மிதிக்க முடிந்தது.

வானகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் மனசு அந்தப் பொட்டலத்திலேயே இருந்தது. இதை எழுதுவதும் அதனால்தான். நீண்ட பயணத்துக்கு வேண்டிய அத்தனை உணவும் நம்ம காட்டில் விளைகிறது. அதை எப்போது, எவ்வளவு என்று கற்றுக்கொள்ளாமல், பெருமை பேசுவதோடு நாம் நிறுத்திவிட்டோம். அந்த இடைவெளியில்தான் 120 ரூபாய்ப் பொட்டலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது என் கருத்து. தப்பென்றால் சொல்லுங்கள்.

சொம்புக் கூழின் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் முதலில் என் கூழைத்தான் கணக்குப் போட்டேன். ஒரு சொம்புக் கூழில் கம்பு மாவு 100 கிராம் இருந்தாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் தண்ணீரும் மோரும். 100 கிராம் கம்பு மாவில் கிடைப்பது ஏறத்தாழ 350 கலோரி. என் வயசில், என் எடையில், சாதாரண சைக்கிளை விடாமல் மிதித்தால் மணிக்கு 400 கலோரி வரைக்கும் செலவாகும். அப்படியானால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்று நான் நம்பிய கூழ் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

அப்புறம் எப்படி 80 கிலோமீட்டர் போனேன்? உடம்புக்குள் இருந்த சேமிப்பால். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்து சுமார் 400 முதல் 500 கிராம். நம்ம குதிர் நெல் மாதிரி. கொழுப்பு எவ்வளவோ இருக்கும், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மேடேறவும், வேகம் பிடிக்கவும் குதிர் நெல்தான் வேண்டும். கடுமையாக மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் தட்டுப்பாடு தெரியும். மெதுவாகப் போனால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். குதிர் காலியானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மூளைக்கு அதுதான் முக்கியமான தீனி என்பதால் கண் இருட்டுகிறது, புத்தி தடுமாறுகிறது. ரோட்டில் லாரி வரும்போது இது விளையாட்டு இல்லை.

வயிறு நிறைந்திருப்பதும் காலில் தெம்பு இருப்பதும் ஒன்று என்று நான் நினைத்தேன். கம்பில் நார்ச்சத்து அதிகம். மெதுவாகச் செரிக்கும், பசி எடுக்காது. வெயிலில் களை எடுக்கப் போகிறவருக்கு அது வரம். ஆனால் பசி எடுக்காததாலேயே நான் ஆறே முக்கால் மணி நேரம் எதையும் தொடவில்லை. கூழ் மேல் குற்றம் இல்லை. சாப்பிட்ட நேரமும், அதற்குப் பிறகு ஒன்றுமே சாப்பிடாததும்தான் குற்றம்.

குளிர் மறைக்கும் தாகம்

இன்னொரு தப்பும் செய்தேன். கரூர் போகும்வரை அந்த ஒரு பாட்டில் தண்ணீரே தீரவில்லை. மார்கழிப் பனியில் தாகமே தெரியாது. குளிரில் தாக உணர்வு குறைவது மட்டும் இல்லை, சிறுநீரும் அடிக்கடி போகும். வியர்வை காற்றில் உலர்ந்துவிடுவதால் வியர்த்ததும் தெரியாது. ஆனால் தண்ணீரும் உப்பும் வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும்.

நம்ம ஊர்க் குளிருக்கு இன்னொரு குணம் உண்டு. ஐரோப்பாக் குளிர் மாதிரி நாள் முழுக்க இருக்காது. ஐந்து மணிக்குப் பல் கிட்டும், பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் குடிக்காமல் வைத்த கடனெல்லாம் அந்த வெயிலில் வட்டியோடு வந்து நிற்கும். எனக்குப் பத்தேகாலுக்கு வந்தது அதுதான். மார்கழி, தை மாதங்களில் சைக்கிளில் போகிறவர்கள் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூணு நாலு வாய். மணிக்கு அரை லிட்டர் என்பது நடுத்தரமான அளவு. வெயில் ஏறினால் கொஞ்சம் கூடலாம். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. கடுமஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை.

பொட்டலத்துக்குள் என்ன இருந்தது?

அந்தக் காலிப் பொட்டலத்தை வீட்டுக்கே எடுத்து வந்தேன். பேத்தியை விட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். மால்டோடெக்ஸ்ட்ரின், பிரக்டோஸ், தண்ணீர், சோடியம் சிட்ரேட், புளிப்பு, வாசனை. மாவுச்சத்து 25 கிராம். விலை 120 ரூபாய்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால் பயந்துவிட வேண்டாம். மாவுச்சத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்த பொடி, அவ்வளவுதான். பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து எடுப்பார்கள், மரவள்ளி மாவிலிருந்தும் எடுப்பார்கள். பிரக்டோஸ் பழத்திலும் தேனிலும் உள்ள சர்க்கரை. சோடியம் சிட்ரேட் ஒரு வகை உப்பு. ஆக, மாவு, சர்க்கரை, உப்பு. இந்த மூன்றில் மாவுக்கும் சர்க்கரைக்கும் மூலப்பொருளை விளைவிக்கிறவர்கள் யார்? நாம்தான்.

2024-25ஆம் ஆண்டுக்கு மக்காச்சோளத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். கிலோ 22 ரூபாய் சொச்சம். 120 ரூபாய்க்கு ஐந்து கிலோ மக்காச்சோளம் கொடுத்துவிட்டு 25 கிராம் மாவுச்சத்தைத் திரும்ப வாங்குகிறோம். நடுவில் ஆலை இருக்கிறது, பாக்கிங் இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது, எல்லாம் சரி. அதே 25 கிராம் 27 கிராம் நாட்டுச் சர்க்கரையில் கிடைக்கும். கிலோ 80 ரூபாய் என்று வைத்தாலும் 2 ரூபாய் சொச்சம்தான்.

அந்தப் பொட்டலத்தை நான் பழிக்க மாட்டேன். அன்றைக்கு என்னை எழுப்பிவிட்டது அதுதான். எடை குறைவு, கெடாது, ஒரு கையால் கிழித்து வாயில் போடலாம். அதைச் செய்தவர்களிடம் இருந்த ஒரு விஷயம் நம்மிடம் இல்லை. எத்தனை கிராம், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை அவர்கள் யோசித்து அச்சடித்திருக்கிறார்கள்.

பழனி ரோட்டில் இருக்கிற பாடம்

"அந்தக் காலத்துல யாருங்க கிராம் கணக்குப் பார்த்தாங்க?"ன்னு கேட்பீர்கள். எங்க அண்ணனும் இதையேதான் கேட்டார். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களைப் பாருங்கள் என்று சொன்னேன். கொங்குப் பக்கமிருந்தும் செட்டிநாட்டுப் பக்கமிருந்தும் குளிர் காலத்தில்தான் நாள் கணக்கில் நடக்கிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், சுக்கு மல்லி காபி. இரண்டு கிலோமீட்டருக்கு ஒருவர் எதையாவது கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார். நடக்கிறவர் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, ஊர் அவருக்காகக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறது. சைக்கிளில் போகிறவனுக்கு அந்தப் பந்தல் கிடையாது. அவன் பந்தலைப் பையில் எடுத்துப் போக வேண்டும்.

பையில் எடுத்துப்போக என்ன இருக்கிறது? பழனிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. பழனி தேவஸ்தானம் இதற்கான நாட்டுச் சர்க்கரையை எங்க ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் செய்கிறது. அந்தப் பையன் என் வாயில் பிழிந்த பிசினுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மெல்ல வேண்டாம், நாக்கில் பட்டவுடன் இறங்கும், குளுக்கோஸும் பிரக்டோஸும் இரண்டும் இருக்கிறது. கொஞ்சம் நெய் இருப்பதால் ஒரு இம்மி மெதுவாகச் செரிக்கும், அவ்வளவுதான். எங்க வீட்டுப் பரணில் டப்பா டப்பாவாகப் பஞ்சாமிர்தம் இருந்தது. நான் ஒரு ஸ்பூன்கூட எடுத்துப் போகவில்லை.

அளவோடு ஒரு திட்டம்

அதற்குப் பிறகு இந்த ஒரு வருடத்தில் ஏழெட்டு முறை நீளப் பயணம் போயிருக்கிறேன். எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதிக்கிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஒத்துக்கொண்ட அளவு. நான் 40 வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் ராத்திரிதான் குதிரை நிரப்ப வேண்டிய நேரம். சாமைச் சோறோ கைக்குத்தல் அரிசிச் சோறோ வயிறாரச் சாப்பிடலாம். கம்பு, கேழ்வரகுக்கும் இதுதான் நேரம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

கிளம்புவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தொட்டு. இல்லையென்றால் பழைய சோறு, உப்புப் போட்ட நீராகாரம். சுலபமாகச் செரிக்கும், தண்ணீரும் உப்பும் முன்கூட்டியே உள்ளே போய்விடும்.

வழியில் முக்கியமானது அவல் உருண்டை. சிகப்பரிசி அவல் 100 கிராம் வறுத்துப் பொடித்து, நாட்டுச் சர்க்கரை 60 கிராம், நெய் இரண்டு ஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. 30 கிராம் எடைக்கு உருட்டினால் ஒவ்வொன்றிலும் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். தராசில் எடை போட்டு உருட்டுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

குடிக்க பானகம். ஒரு லிட்டர் தண்ணீர், வெல்லம் 50 கிராம், உப்பு கால் ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை, சுக்குப்பொடி கொஞ்சம். ராமநவமிக்குக் கொடுக்கிற பானகத்தை விட இனிப்பு குறைவாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இனிப்பு ஏறினால் வயிற்றில் தங்கிவிடும், குமட்டும். மணிக்கு ஒரு உருண்டை, அரை லிட்டர் பானகம். உருண்டையில் 20, பானகத்தில் 20 சொச்சம். 40 கிராம் கணக்கு முடிந்தது.

நிற்கிற இடத்தில் வாழைப்பழம். இரண்டு பூவன் பழம் சாப்பிட்டால் ஒரு அவல் உருண்டைக்கு மேலேயே ஆகும். பாதி வழியில் இலையில் கட்டிய புளிச்சோறு ஒரு கைப்பிடி. புளிப்பும் உப்பும் சோறும் ஒரே இடத்தில், இனிப்பு தின்று தின்று திகட்டிய வாய்க்கும் நல்லது. நம்ம முன்னோர் கட்டுச்சோறு கட்டியது சும்மா இல்லை.

பஞ்சாமிர்தம் ஒரு சின்ன டப்பாவில். மேடு ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னாலும், கடைசி 20 கிலோமீட்டரிலும் இரண்டு ஸ்பூன். கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் வேண்டாமா என்று கேட்காதீர்கள், எனக்கு அது இரண்டும் உயிர். ஆனால் நிலக்கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். மெதுவாகப் போகும்போதும், உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் தின்னலாம். கண் இருட்டும்போது கடலை மிட்டாயைக் கொடுத்தால் அது செரித்து ரத்தத்தில் சேர நேரமாகும். அந்த நேரத்துக்கு வெல்லமோ தேனோ பஞ்சாமிர்தமோதான்.

குளிருக்குச் சுக்கு மல்லி காபி, கருப்பட்டி போட்டு, பிளாஸ்க்கில். சூடு உள்ளே போனால் விறைத்த விரலும் மனசும் இளகும். இளநீர் வெயில் ஏறிய பிறகு நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகிற சோடியத்துக்குப் போதாது. ஒரு சிட்டிகை உப்பைக் கையோடு நக்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் சோறும், கூடவே கொள்ளோ பாசிப்பயறோ சுண்டலாக. வலித்த தசைக்குப் புரதம் வேண்டும். கம்பங்கூழ் அப்போது குடியுங்கள், தேவாமிர்தமாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை விஷம், வெல்லம் மருந்து என்று மேடையில் பேசுகிறோம். மிதிக்கிற காலுக்கு அது எரிபொருள். திண்ணையில் உட்கார்ந்து மணிக்கு 40 கிராம் தின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீளப் பயணம் போகவே கூடாது. நம்ம கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

இரண்டு, வெல்லம் வாங்கும் இடம். மஞ்சளாகப் பளபளக்கிற வெல்லத்தில் ஹைட்ரோஸ் கலந்திருக்கலாம், அஸ்கா கலந்திருக்கலாம். கறுத்த வெல்லம், தெரிந்த ஆலைக்காரர். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆலை ஓட்டுகிற நண்பர்கள் நம்ம இயக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இயக்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை

என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எங்க பயணத்துக்கு ஏற்பாடு செய்தது நாங்களேதான். பைக்குள் ஆளுக்கு இரண்டு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் போட்டுக் கொடுத்தோம். அந்த பிஸ்கட்டைத் தொட மாட்டேன் என்று நான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மாற்றாக எதையும் எடுத்துப் போகவும் இல்லை. கொள்கை பேசுகிறவனுக்குத் தெம்பு இல்லை, தெம்பு இருந்தவன் கையில் கம்பெனிப் பொட்டலம். நம்ம நிலைமையை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

ஜீவாமிர்தம் தயாரிக்கும்போது எப்படி இருக்கிறோம்? 200 லிட்டர் தண்ணீருக்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். வெல்லம் குறைந்தால் நுண்ணுயிர் பெருகாது என்று புதுசாக வருகிறவனுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறோம். நிழலில் வை, கலக்கிவிடு, நாளாகிப் போனதைத் தெளிக்காதே என்று நேரமும் சொல்கிறோம். மண்ணிலிருக்கிற உயிருக்கு இவ்வளவு அக்கறை. நூறு கிலோமீட்டர் மிதித்து நம்ம விழாவுக்கு வருகிற பையனுக்கு ஒரு அளவும் சொல்வதில்லை, "பாரம்பரிய உணவு சாப்பிடு தம்பி" என்பதோடு சரி.

நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடப்பது மானாவாரி உழவனுக்கு உதவவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு வெளியே வந்தவர். செய்து பார், சரியாக வரவில்லையென்றால் மாற்று என்பதைத்தான் நான் அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நம்ம உணவையும் அப்படிச் செய்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

வருகிற டிசம்பர் 30க்கு மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, வானகத்துக்குச் சைக்கிளில் வருகிற ஒவ்வொரு வழியிலும் 30 கிலோமீட்டருக்கு ஒரு பந்தல். அவல் உருண்டை, பானகம், வாழைப்பழம், சுக்கு காபி. அந்தந்த ஊர் உறுப்பினர்கள் ஆளுக்கொரு பொருள் கொடுத்தால் செலவு பெரிதாக வராது.

இரண்டாவது, நம்ம மகளிர் குழுக்கள் அவல் உருண்டையையும் பானகப் பொடியையும் எடை போட்டு, மாவுச்சத்து எவ்வளவு, என்றைக்குச் செய்தது, என்றைக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கட்டட்டும். விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அவசரப்படாமல் முதலில் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, சிக்கு வாடை வருகிறதா, பூசணம் பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு இறங்கலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. கடலையும் வெல்லமும் சேர்ந்து அவ்வளவு தூரம் போக முடிந்தால், சிகப்பரிசி அவலும் நாட்டுச் சர்க்கரையும் ஏன் போகக் கூடாது? நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். நெல்லை அரிசியாக விற்கிறவருக்கு ஒரு விலை, உருண்டையாக விற்கிறவருக்கு வேறு விலை.

மூன்றாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. டீக்கடையில் பன் தின்கிற பையனிடம் பிரசங்கம் பண்ணுவதில்லை. அவன் பசி நிஜம். அவன் கையில் கொடுக்க நம்மிடம் ஒன்று இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கலாம்.

என்னைக் காப்பாற்றிய பையனைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கூப்பிட்டு, பத்து அவல் உருண்டை எடை போட்டுக் கொடுத்தேன். வெள்ளியங்கிரி அடிவாரம் வரைக்கும் போய்வந்து போன் பண்ணினான். "நல்லாத்தான் இருக்குதுங்க பெரியப்பா, ஆனா ஓட்டும்போது வாயெல்லாம் மாவா ஒட்டுது, தண்ணி இல்லாம இறங்க மாட்டேங்குது." நெய்யை ஒரு ஸ்பூன் கூட்டி, அவலை இன்னும் நைசாக அரைத்து, கூடவே கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழம் சேர்த்தால் மென்மையாக வருகிறது, ஆனால் மறுநாளே புளித்துவிடுகிறது. பழத்தைக் காயவைத்துச் சேர்த்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். மார்கழிக்குள் சரி செய்துவிட வேண்டும்.